சாயாக் காய்ச்சல்

நாகர்கோவிலில் ஓர் ஆஸ்பத்திரி வார்டு. ஜன்னல் வெயிலில் பூங்கனி தெர்மாமீட்டரை வெதுவெதுப்பான சாயா தம்ளரில் முக்குகிறாள். நைட்டியில் துடைத்து, எட்டு வயது மகள் சுபிதாவின் கக்கத்தில் செருகுகிறாள். நர்ஸ் வந்து பார்த்து, நூற்றுமூன்று என்று எழுதிவிட்டுக் கேட்கிறாள்: "முதுகு வலிக்கா மக்கா?" சுபிதா அம்மாவின் முகத்தைப் பார்த்துவிட்டு, "வலிக்கு" என்கிறாள். நாளை முதுகெலும்பில் ஊசி குத்தி நீர் எடுப்பார்களாம். சபைப் பெண்கள் ஆரஞ்சுப் பையோடு வந்து கட்டிலைச் சுற்றி ஜெபிக்கிறார்கள். நாலு மாதமாக மொத்தச் சபையும் இந்தக் காய்ச்சலோடு போராடுகிறது, சாயாதான் ஜெயிக்கிறது. "ஒன்னப் போல பிள்ளையப் பாக்க ஆளு உண்டுமா, பூங்கனி," என்று ஒருத்தி அவள் கண்ணைத் துடைத்துவிடுகிறாள். அவர்கள் போனதும் சுபிதா மெல்லக் கேட்கிறாள்: "எம்மா, முதுகு முடிஞ்சா பொறவு எங்க வலிக்கணும்?" மகளின் முடியைக் கோதியபடி பூங்கனி யோசிக்கிறாள்.