தொட்டுக்க ஒரு டப்பா

"என் தம்பிக்கு வூட்ல சோறு கெடையாது. சாராயக்கடைக்கு மட்டும் தொட்டுக்க டப்பா டப்பாவா போவுது."

செல்வகுமாரி இதை வாசலில் சொன்னாள். கூடத்துக்கு வந்தும் சொன்னாள். தம்பி பெண்டாட்டி அம்சவள்ளி திரும்பிப் பார்க்காததால், அடுப்பங்கரை வரைக்கும் போய் மறுபடியும் சொன்னாள்.

"காதுல வுழுந்துது அண்ணி. உட்காருங்க," என்றாள் அம்சவள்ளி. அவித்த முட்டையை நறுக்கிக்கொண்டிருந்தாள்.

"உட்கார வரல. ஊர் சிரிக்குது. செல்லிப்பட்டுல உங்க தம்பி பொண்டாட்டி தெனமும் மதியம் சாராயக்கடை சன்னல்ல நிக்கறாளாமேன்னு, திருபுவனையில எங்க உரக்கடைக்கு வர்றவங்க எல்லாம் கேக்கறாங்க. எங்க வூட்டுக்காரரு தலை நிமிர முடியல."

அந்த வீட்டுக்காரர் மணவாளன், மனைவியைப் பைக்கில் கொண்டுவந்து இறக்கிவிட்டு, கூடத்து நாற்காலியில் உட்கார்ந்து காலண்டரைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

"வர்ற வழியில என் தம்பி அரிகரனைப் பார்த்தேன். கடைக்குப் போய்க்கிட்டிருந்தான். ஒரு செருப்பு கழண்டு ரோட்டுல கெடக்குது. அது தெரியாம நடக்கறான். கை காலெல்லாம் குச்சி, வயிறு மட்டும் பானை. கரும்பு லோடு ஏத்தின ஒடம்புடி அது."

"பாதம் மரத்துப் போச்சு அண்ணி. செருப்பு இருந்தாலும் தெரியாது, இல்லைன்னாலும் தெரியாது."

"சோறு போட்டா ஏன் மரத்துப் போவுது?"

அம்சவள்ளி கொண்டைக்கடலையை வடிகட்டினாள்.

"முட்டை, கடலை, வறுத்த கெண்டை, கீரை அடை. குடிகாரனுக்கு விருந்து. எங்க வூட்ல வந்து பாரு. உங்க அண்ணனுக்கு ராத்திரி ஒரு சப்பாத்தி. அதுலயும் பாதி வேணாங்கறாரு. சுகர் வந்துடக் கூடாதுன்னு நான் அப்படிப் பழக்கி வெச்சிருக்கேன். சட்டையெல்லாம் தொளதொளன்னு ஆயிடுச்சு. புருஷனை வெச்சுக்கத் தெரியணும்."

மணவாளன் காலண்டரில் அடுத்த மாதத்துக்குப் போய்விட்டார்.

அம்சவள்ளி கையைத் துடைத்துக்கொண்டாள்.

"டாக்டர்கிட்ட காட்டினேன் அண்ணி. குடிச்சா வயிறு ரொம்பின மாதிரி இருக்கும், பசி எடுக்காது, ஒடம்புக்கு ஒண்ணும் போவாதுன்னாரு. துன்னதும் சரியா ஒட்டாதாம். அதான் சதை கரையுது, நரம்பு மரத்துப் போவுது. ஈரல் வேற வீங்கிடுச்சு. சோறு போட்டு இதைச் சரி பண்ண முடியாதும்மா, குடியை நிறுத்தணும்னாரு."

"அப்போ நிறுத்து."

"நானா குடிக்கறேன்? ஆஸ்பத்திரியில சேர்த்துத்தான் நிறுத்தணுமாம். இவரு கரும்பு வெட்டு முடியட்டுங்கறாரு. அதுவரைக்கும் உசுரு நிக்கணும்ல? வூட்ல தட்டு வெச்சா 'அப்புறம்'னுவாரு. அந்த அப்புறம் ஒருநாளும் வந்ததில்ல. ஆனா கிளாஸ் பக்கத்துல எது இருந்தாலும் கை தானா போவுது. அதான் அங்கயே கொண்டுபோறேன். வெளிச் சாப்பாடு கூடாதுன்னாரு கடைக்காரரு. சாப்பாடு இல்லைங்க, சைடு டிஷ்ஷுன்னேன். வுட்டுட்டாரு."

"நல்லாப் பேசற. தொட்டுக்க இருக்குதுன்னுதான் அவன் இன்னொரு கிளாஸ் கேக்கறான். இன்னிக்கு இதை நான் நிறுத்தறேன்."

செல்வகுமாரி டப்பாவைத் தூக்கிக்கொண்டு பின்வாசலுக்கு நடந்தாள். அங்கே மாட்டுத் தொட்டி இருந்தது.

"கொட்டாத," என்றார் மணவாளன்.

கல்யாணமானதிலிருந்து அவர் அவளிடம் எதையும் செய்யாதே என்று சொன்னதில்லை. அவள் நின்றுவிட்டாள்.

"ஏன்?"

"மச்சானுக்கு வேணும்."

"பட்டினி கெடந்தாத்தான் அவன் வூட்டுக்கு வருவான்."

மணவாளன் நாற்காலியைப் பிடித்துக்கொண்டு எழுந்தார். எழுந்த பிறகும் பிடியை விடவில்லை.

"அதுல எனக்கும் இருக்கு."

செல்வகுமாரி மூடியைத் திறந்தாள். நடுவில் வாழையிலைத் துண்டு ஒன்று செருகியிருந்தது. ஒரு பக்கம் மிளகாய்த்தூள் பளிச்சென்று தெரிந்தது. இன்னொரு பக்கம் காரமே இல்லை.

"உரக்கடை வெச்சிருக்கிற ஊர்ல எப்படிக் குடிக்கறது?" என்றார் மணவாளன், தரையிடம். "நாலு பேர் பார்ப்பாங்க. அதான் இங்க வர்றது."

உர லோடு பார்க்கப் போகிறேன் என்று அவர் மதியத்தில் கிளம்புவார். செல்வகுமாரிதான் வெயிலுக்குத் தொப்பி எடுத்துக் கொடுப்பாள்.

"உனக்கு எப்படித் தெரியும்?" அவள் அம்சவள்ளியைத்தான் கேட்டாள்.

"சன்னல்ல நின்னாத்தானே யாரு துன்னா, யாரு வெச்சிட்டானு தெரியுது? ஒருநாள் அண்ணன் எங்க வூட்டுக்காரரு டப்பாவுலேர்ந்து ஒரு துண்டு முட்டை எடுத்தாரு. வெளிய போய் வாந்தி எடுத்தாரு. காரம் ஒத்துக்கல. மறுநாள்லேர்ந்து தனியா வெக்கறேன்."

"என்கிட்ட ஏன்டி சொல்லல?"

"கட்டுப்பாடா வெச்சிருக்கேன்னு எல்லார்கிட்டயும் சந்தோஷமா சொல்லிக்கிட்டிருந்தீங்க அண்ணி."

செல்வகுமாரி மூடியை அழுத்தி மூடினாள். ஒரு மூலை சரியாக உட்காரவில்லை. மறுபடியும் அழுத்தினாள்.

அம்சவள்ளி டப்பாவை வாங்கிக்கொண்டு தெருவில் இறங்கினாள். மணவாளன் நாற்காலியை விட்டார். பிறகு மனைவியைப் பார்க்காமல், டப்பா போன பக்கமாகவே நடந்தார். பைக்கைக்கூட எடுக்கவில்லை.

அவர் தெருமுனையைத் தாண்டும்போது செல்வகுமாரி வாசலுக்கு வந்தாள்.

"இன்னாங்க, இங்கியே சோறு வடிக்கறேன். உட்கார்ந்து ஒரு வாய் சாப்பிட்டுட்டுப் போங்க."