பத்தாவது பை

மூன்று வருடமாக ஏரியில் தூண்டிலுக்கு ஒரு கெண்டைகூடச் சிக்காததால், ஊரார் சேர்ந்து பத்துப் பை மீன்குஞ்சு வாங்கினார்கள். அந்த ஏரியை நம்பிப் பிழைத்த தனபாக்கியம்தான் இடுப்பளவு தண்ணீரில் நின்று குஞ்சுகளை விட்டாள். ஒன்பதாவது பையை அவிழ்க்கும்போது, முதலில் விட்டவை வயிறு வெளுத்து அவள் புடவையைச் சுற்றி மிதந்து வந்தன. கொஞ்ச நேரத்தில் எல்லாமே மிதந்தன. பத்தாவது பையை மார்போடு அணைத்துக்கொண்டு கரையேறினாள். உள்ளே குஞ்சுகள் துள்ளிக்கொண்டிருந்தன.

“அதையும் வுட்டுடும்மா. பையில அடைச்ச காத்து சாயங்காலம் வரைக்கும்தான் தாங்கும்,” என்றார் குஞ்சு கொண்டுவந்த வேன்காரர்.

“வேற ஏரிக்குக் கொண்டுபோனா?”

“எந்த ஏரின்னு சொல்லும்மா, ஓட்றேன்.”

பையை மடியில் வைத்துக்கொண்டு வேனில் உட்கார்ந்தாள்.

“நீ வண்டிய எடுண்ணே.”