டோக்ஜானைப் பற்றி ஒரு குறிப்பு

“பரீட்சையில தொண்ணூத்தாறு மார்க்! அப்புறம் எப்படி என் பொண்ணைக் கழிச்சீங்க?”

அல்மாட்டியில், மேதைப் பிள்ளைகளுக்கான அந்தப் பள்ளி அலுவலகத்தில் செரிக்போல் மேசையைத் தட்டினான். நாலாவது தடவையாக வேலைக்கு லீவு போட்டுவிட்டு அலைகிறான். முந்தைய மூன்று தடவையும் ‘நாளைக்கு வாங்க’ என்றே பதில்.

மனைவி மார்ஜான் அவன் சட்டைக் கையைப் பிடித்து இழுத்தாள். “போதும், வாங்க போகலாம்.”

“நீ சும்மா இரு!”

அதிகாரி ரௌஷன் கோப்பைப் புரட்டினாள். “மார்க் பாதிதாங்க. மீதி, பிள்ளையைப் பத்தின குறிப்பு. ‘மந்தம். எதுவும் மண்டையில ஏறாது’ன்னு எழுதியிருக்கு.”

“எந்த மடையன் எழுதினான்? ஏழு வயசுலயே செஸ்ல என்னைத் தோக்கடிச்சவ டோக்ஜான்! கூப்பிடுங்க அந்த வாத்தியாரை!”

“வாத்தியார் எழுதலை. இது வீட்டுல நிரப்பிக் குடுத்த படிவம்.”

அடியில் மார்ஜானின் கையெழுத்து.

“முன்னப்பின்ன தெரியாதவங்க படிக்கிற காகிதம்,” அவள் முணுமுணுத்தாள். “கெட்டிக்காரின்னு எழுதினா பிள்ளைக்குக் கண் பட்டுடாதா?”

“அறிவிருக்கா உனக்கு? அவ படிப்புல மண்ணை அள்ளிப் போட்டுட்டியே!”

ரௌஷன் புதுப் படிவம் ஒன்றை நீட்டினாள். “சரி, இப்ப நீங்களே உள்ளதை உள்ளபடி எழுதிக் குடுங்க.”

செரிக்போல் விறுவிறுவென்று பேனாவைத் திறந்தான். பின்னால் வரிசையில் நின்ற பெற்றோர்கள் எட்டிப் பார்த்தார்கள். அத்தனை கண்கள்!

பேனா அப்படியே நின்றது. பிறகு, எல்லோருக்கும் தெரியும்படி கொட்டை எழுத்தில் எழுதினான்:

“ஏதோ, சுமாராகப் படிப்பாள்.”