முயல் கிடந்த புல்

ஃபெலிம் இருந்தவரை புல்வெளியை நடுவில் ஆரம்பித்து வெளிப்பக்கமாகத்தான் வெட்டுவான். ஓரத்திலிருந்து சுற்றி வந்தால் காட்டு முயலுக்குத் தப்பிக்க வழி இருக்காது என்பான். அவன் செத்துப்போன பிறகு வந்த முதல் ஜூலையில், பக்கத்துப் பண்ணை ஃபின்டன் டிராக்டரைக் கொண்டுவந்து ஓரத்திலிருந்தே வெட்டிவிட்டான். ஃபெலிமின் மனைவி உனா ஓடிவந்தபோது நடுவில் ஒரு பாய் அகலம்தான் மிச்சம்.

"நிறுத்துடா! உள்ள முயல் இருக்கும்."

"மேக்க எப்படிக் கறுத்துக் கிடக்கு பாருக்கா. உன் முயலுக்காக மழை காத்துக்கிட்டு நிக்குமா?"

உனா புல்லை விலக்கினாள். முயல் இல்லை. அது படுத்திருந்த பள்ளம் மட்டும் முதுகுப்பக்கம் ஆழமாக அமுங்கிக் கிடந்தது. கை வைத்தாள். கதகதப்பாக இருந்தது.

"எதுவும் வெளிய ஓடலயே. பாத்துக்கிட்டேதான வந்தேன்" என்றான் ஃபின்டன்.

"இந்த இடத்த மட்டும் விட்டுடு."

"செத்தும் என்னைய விடமாட்டேங்கிறாரு உன் வீட்டுக்காரரு" என்று முனகியபடி வண்டியைத் திருப்பினான்.

மழை பிடித்துக்கொண்டது. நனைந்த துணியை மாற்ற உனா படுக்கையறைக்குப் போனாள். காலையில் சுருக்கமில்லாமல் அவள் இழுத்துச் செருகிய விரிப்பில், ஃபெலிம் படுக்கும் பக்கம் ஒரு பள்ளம் விழுந்திருந்தது. முதுகுப்பக்கம் சற்று ஆழம். கை வைத்தாள். அதே கதகதப்பு.

ஜன்னல் வழியாகச் சாரல் அடித்தது. சாத்தப் போனவள் பாதியில் கையை எடுத்துக்கொண்டாள்.

வெளியே போக ஒரு வழி வேண்டுமே.