மூன்றாம் சுற்று

"வேற ஆரையும் சேர்ப்பம். சுகந்தினி மட்டும் வேண்டாம்," என்றாள் அருந்ததி.

பள்ளிக்கூடத்தின் அறுபதாவது ஆண்டு விழாவில் பழைய மாணவிகள் கோலாட்டம் ஆடினால் என்ன என்று அதிபர் கேட்டதிலிருந்து அவளுக்குக் கால் தரையில் நிற்கவில்லை. முப்பது வருடத்துக்கு முன் ஆடிய அதே எட்டுப் பேர், அதே பாட்டு. அதுதான் அவள் ஆசை.

ஆனால் அந்த எட்டில் இரண்டு பேர் கனடாவில். இரண்டு பேர் இப்போது உயிரோடு இல்லை. ஸ்கந்தபுரத்தில் மிஞ்சியது நாலு பேர். அதிலும் ஒருத்தி வேண்டாமென்றால் எப்படி?

"ஏன் அவளை வேண்டாம் எண்டுறாய்?" என்று கேட்டாள் சிவலட்சுமி. அவளும் அந்தப் பழைய எட்டில் ஒருத்தி.

"உனக்கு மறந்து போச்சே? மாவட்டப் போட்டியில எங்கட முதலாமிடத்தை இல்லாமல் ஆக்கினது ஆர்?"

மறக்குமா? அம்மாமாரின் சேலையில் தைத்த பாவாடைகள். பாலைக் கம்பில் சீவிய கோல்கள். அருந்ததியின் அப்பாவுடைய, மண்ணெண்ணெயில் ஓடிய ட்ரக்டரின் பெட்டியில் எட்டுப் பேரும் பாடிக்கொண்டே கிளிநொச்சிக்குப் போன அந்தக் காலை. அப்படியொரு சந்தோஷம் அதற்குப் பிறகு அவர்களுக்கு வாய்க்கவேயில்லை.

ஆட்டமும் நன்றாகத்தான் போனது. மூன்றாம் சுற்றில் சோடி மாறும்போது சுகந்தினி தன் இடத்தை விட்டு எதிர் வரிசைக்குள் ஓடினாள். நடுவர்கள் அதைக் குறித்துக்கொண்டார்கள். கிடைத்தது இரண்டாமிடம்.

அணித் தலைவி அருந்ததி ஊர் வந்து சேரும் வரை திட்டித் தீர்த்தாள். "ஓம், என்ர பிழைதான்" என்றதைத் தவிர சுகந்தினி வாய் திறக்கவில்லை.

இப்போது ஆள் போதாமல் கடைசியில் அவளையும் சேர்க்க வேண்டித்தான் வந்தது. மீதி நாலு பேருக்காக அருந்ததி வீடு வீடாக ஏறி இறங்கினாள். எட்டாவதாக வந்தவள் அன்னபாக்கியம். ஐந்தாம் வகுப்போடு படிப்பை விட்டவள், ஒருநாளும் மேடை ஏறாதவள். "என்னையும் ஒரு ஆளாக் கூப்பிட்டியளே அக்கா" என்று கண் கலங்கினாள்.

பின்னேரம் நாலு மணிக்கு நெல் காயவிடும் தளத்தில் பழகினார்கள். முழங்கால் வலித்தாலும் ஒருத்தியும் நிற்கிற பாடில்லை. இடையிடையே பழைய கதைகள், பழைய பட்டப் பெயர்கள், வயிறு நோகச் சிரிப்பு. நாற்பத்தைந்து வயது என்பதே எல்லோருக்கும் மறந்துபோனது.

மூன்றாம் சுற்று வந்தால்தான் வில்லங்கம். சுகந்தினி மறுபடியும் இடம் மாறி ஓடினாள். அடுத்த நாளும் ஓடினாள். அதற்கு அடுத்த நாளும்.

விழாவுக்கு நாலு நாள் இருக்கையில் அருந்ததி பாட்டை நிறுத்தினாள்.

"முப்பது வருசமா அதே இடத்தில அதே பிழை. இந்த முறையும் என்னைத் தலைகுனிய வைக்கப் போறியே? நீ ஆடினது காணும். உன்ர இடத்துக்கு என்ர மகள் தர்மிளாவை விடுறன்."

"ஓம்," என்றாள் சுகந்தினி. கோல்களைக் கீழே வைத்தாள்.

"அப்ப நானும் ஆடமாட்டன் அக்கா," என்றாள் அன்னபாக்கியம்.

"உனக்கு என்ன வந்தது?"

"பிழை என்ரதக்கா. வலப்பக்கம் திரும்ப வேண்டிய இடத்தில எனக்கு இடப்பக்கம்தான் வருது. திரும்பினா என்ர கோலுக்கு அடிக்க ஆளில்லை. தூக்கின கோலோட தனிய நிண்டா ஊரே சிரிக்கும். அதுக்காகத்தான் அவா ஓடி வந்து என்ர கோலில அடிக்கிறா. பாக்கிற ஆக்களுக்கு அவா இடம் மாறினது மட்டும்தான் தெரியுது."



அருந்ததிக்கு மாவட்டப் போட்டி மேடை கண்முன் வந்தது. மூன்றாம் சுற்றில் அவள் திரும்பியபோது எதிரே சிவலட்சுமி அல்லவா நின்றிருக்க வேண்டும்? ஆனால் அன்று அருந்ததியின் கோலில் வந்து அடித்தது சுகந்தினி. இத்தனை வருடத்தில் ஒருநாளாவது அதை யோசித்துப் பார்க்கவில்லை.

"சுகந்தினி, அண்டைக்குப் பக்கம் மாறித் திரும்பினது நானே?"

சுகந்தினி சேலைத் தலைப்பால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு நின்றாள்.

"பிறகு ஏனடி உன்ர பிழையெண்டு சொன்னனி? நான் அவ்வளவு பேச்சுப் பேசினனே."

"மேடையில உன்னைத் தனிய விடக்கூடாதெண்டுதானே ஓடி வந்தனான்," என்றாள் சுகந்தினி. "இறங்கின பிறகு தனிய விடுவனே?"