கீழே திரும்பிய தொலைநோக்கி

குளுவாங் ஊருக்கு மேலே, மலையுச்சி ஆய்வு நிலையத்தின் மொட்டைமாடியை மூடுபனி மறைத்து மறைத்து விலகுகிறது. காற்றை அளக்கும் கிண்ணங்கள் கிறீச்சிட்டுச் சுழல்கின்றன. மலையைச் சுற்றிப்பார்க்க வந்த துரைமார்கள் உள்ளே தேநீர் குடிக்கிறார்கள். அவர்களுடைய பெட்டிகளைச் சுமந்து வந்த ஆள் மட்டும் தொலைநோக்கியைக் கீழே திருப்பி எதையோ தேடுகிறான். தரை துடைக்கும் கிருஷ்ணம்மாவின் கை நின்றுவிடுகிறது. அந்தப் பக்கம்தான் அவள் குடிசை. போன மாதம் அவளும் புருஷனும் ரப்பர் தோட்டத்திலிருந்து ஓடி வந்தவர்கள். இவன் கங்காணியின் ஆளோ?

“அங்க என்ன பாக்குறீங்க?”

“சும்மாதான்க்கா.” அவன் கண்ணை எடுக்கவில்லை. பித்தளைக் குழாயை மெல்ல நகர்த்திக்கொண்டே இருக்கிறான். சட்டை விலகிய பிடரியில் பிரம்படியின் தடம், இன்னும் ஆறாமல் சிவந்திருக்கிறது.

“எந்தத் தோட்டம்?” என்று மெதுவாகக் கேட்கிறாள்.

அவன் திடுக்கிட்டுத் திரும்பி, சுவரோடு ஒட்டிக்கொள்கிறான். “நீங்க... அவங்க ஆளா?”

கிருஷ்ணம்மா ஈரத்துணியைக் கீழே போட்டுவிட்டுத் தொலைநோக்கியில் கண்ணை வைக்கிறாள். பனிக்கிடையே மலைப்பாதை தெரிகிறது.

“அடுப்படில கஞ்சி இருக்கு, போய்க் குடிங்க. யாராச்சும் வர்றாங்களான்னு நான் பாத்துக்குறேன்.”