பதினைந்தாம் கிணறு

ஏழாம் கிணற்றுக்கு நேரே 'ஈயம்: 6' என்று அச்சாகியிருந்தது.

அவள் விரலை வைத்து மறுபடி படித்தாள். ஆறுதான். பத்தைத் தாண்டக்கூடாது என்பது சட்டம். தாண்டவில்லை.

ஆய்வுக்கூடத்தின் முன்மேசை அருகே நின்றபடியே அவளுக்குக் கண் கலங்கிவிட்டது. போன தடவை ஒன்பது வந்ததிலிருந்து வயிற்றில் நெருப்பைக் கட்டிக்கொண்டு திரிந்தவள் அவள்.

தொழிற்சாலைக் கழிவைப் புதைக்கிற மேட்டைச் சுற்றிப் பதினான்கு கிணறுகள். கிணறு என்பது பேச்சுக்குத்தான். மணிக்கட்டுப் பருமனில் ஒரு குழாய், குழாய்க்கு ஒரு மூடி, மூடிக்கு ஒரு பூட்டு, அவ்வளவே.

மூன்று மாதத்துக்கு ஒருமுறை அவள் பூட்டைத் திறப்பாள். தேங்கிய தண்ணீரை இறைத்துக் கொட்டிவிட்டு, புதுத் தண்ணீர் ஊறியதும் பாட்டிலில் பிடித்து இங்கே கொடுப்பாள். முடிவு வந்ததும் தன் குறிப்பேட்டோடு ஒத்துப் பார்த்துக் கையெழுத்துப் போடுவாள். அதற்குப் பிறகுதான் அறிக்கை அரசு அலுவலகத்துக்குப் போகும்.

ஒரே ஒரு கிணறு மீறினாலும் மேட்டில் வேலை நின்றுவிடும்.

அந்த மேட்டில் பொக்லைன் ஓட்டுகிறவன் அவள் கணவன். இரண்டு வருடம் வேலையில்லாமல் கிடந்து, சோற்றுத் தட்டின் முன் உட்காரவே கூச்சப்பட்ட மனிதன். இப்போதுதான் வீட்டில் சத்தமாகச் சிரிக்க ஆரம்பித்திருக்கிறான்.

ஆனால் அவனுக்காக மட்டும் அவள் பயப்படவில்லை. ஏழாம் கிணற்றுக்குக் கீழே, கூப்பிடு தூரத்தில் பதினோரு வீடுகள் இருக்கின்றன. நிலத்தடித் தண்ணீரைத் தவிர அவர்களுக்கு வேறு தண்ணீர் இல்லை. முதல் வீட்டுப் பெண் ஒவ்வொரு முறையும், இப்படி வெயிலில் நிற்கிறீர்களே என்று ஒரு சொம்பு நிறையத் தண்ணீர் கொண்டுவந்து நீட்டுவாள். போன மாதம் தண்ணீர் பிடிக்கப் போனபோது அவள் முழுகாமல் இருந்தாள்.

போகட்டும், ஆறுதானே வந்திருக்கிறது. அந்தப் பெண் நன்றாக இருக்கட்டும். இந்த மனிதனும் சிரித்துக்கொண்டே இருக்கட்டும்.

மேசைக்கு அந்தப் பக்கம் அவளுடைய தம்பி நின்றிருந்தான். கூடப் பிறந்தவன். கொண்டுவரும் தண்ணீரை இயந்திரத்தில் வைத்து அளவெடுக்கிறவன் அவன்தான். சிறு வயதிலிருந்தே அவனுக்கு எதுவும் மெதுவாகத்தான் உறைக்கும் என்று வீட்டில் எல்லாரும் கேலி பேசுவார்கள். அவனுக்காக முன்னால் நின்று பேசுகிறவள் இவள்தான். இன்று அவன் அக்காவின் முகத்தைப் பார்க்காமல், துடைத்த மேசையையே திரும்பத் திரும்பத் துடைத்துக்கொண்டிருந்தான்.

அவள் பேனா மூடியைக் கழற்றிக்கொண்டே கடைசி வரிக்கு வந்தாள்.

கிணறு 15. ஈயம்: 41.

பதினைந்தாம் கிணறு என்று ஒன்று கிடையாது.

அது அவள் வேலையில் ஒரு ஏற்பாடு. ஒவ்வொரு முறையும் ஏதாவது ஒரு கிணற்றில் இரண்டு பாட்டில் பிடிக்க வேண்டும். ஒன்றில் உண்மையான எண்ணை எழுதி, மற்றதில் இல்லாத ஓர் எண்ணை எழுதிக் கொடுப்பாள். இரண்டுக்கும் ஒரே அளவு வந்தால் ஆய்வுக்கூடம் ஒழுங்காக அளக்கிறது என்று அர்த்தம். எந்தக் கிணற்றில் இரண்டு பிடித்தாள் என்பது அவள் குறிப்பேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.

இந்த முறை, மனசு கேட்காமல், ஏழாம் கிணற்றில் பிடித்திருந்தாள்.

ஒரே குழாயில் ஒரே நேரத்தில் பிடித்த ஒரே தண்ணீர். ஒரு பாட்டிலில் ஆறு. இன்னொன்றில் நாற்பத்தொன்று.

அடப் பாவி, என்று நினைத்தாள். மாமாவுக்கு வேலை போய்விடக்கூடாது என்று ஏழாம் கிணற்றின் அளவைக் குறைத்துப் போட்டிருக்கிறான். தப்பைக்கூட உருப்படியாகச் செய்யத் தெரியவில்லை இந்த மடையனுக்கு. அறையலாம் போலவும் இருந்தது, கட்டிக்கொண்டு அழலாம் போலவும் இருந்தது.

பேனா தாளின் மேல் நின்றது.

'15 – தவறுதலாக வந்த பாட்டில்.' இப்படி ஒரு வரி எழுதினால் போதும். கேட்க நாதியில்லை. தம்பி தப்பித்துவிடுவான், கணவன் நாளைக்கும் வேலைக்குப் போவான். எழுதிவிடத்தான் நினைத்தாள். அதை ஒளிப்பானேன். அந்த ஒரு நிமிடம் அவளுக்குக் கீழ் வீடுகள் நினைவிலேயே இல்லை.

தம்பி துடைப்பதை நிறுத்தினான். ஆய்வுக்கூட முதலாளியின் உள்ளறைக் கதவை ஒருமுறை திரும்பிப் பார்த்துக்கொண்டான்.

"முதலாளி தலைமேல நின்னு ஏழாம் நம்பரை மாத்தச் சொன்னாருக்கா, மாத்திட்டேன். பதினஞ்சும் அதே கிணறுதான்னு அவருக்குத் தெரியாது."

அப்போதுதான் அவளை நிமிர்ந்து பார்த்தான்.

"எனக்குத் தெரியும்."

கேட்க என்ன இருக்கிறது? அளந்தவன் அவன். இரண்டு பாட்டிலிலும் நாற்பத்தொன்று வந்ததைப் பார்த்தவனும் அவன்தான். இந்தத் தாள் வெளியே போனால் மாமாவின் வேலையோடு அவன் வேலையும் போகும் என்பது அவனுக்குத் தெரியாதா என்ன?

பதினைந்துக்கு நேரே 'ஏழாம் கிணறு, இரண்டாம் பாட்டில்' என்று எழுத ஆரம்பித்தாள். துடைத்துத் துடைத்து வழுவழுத்த மேசையில் தாள் வழுக்கியது.

தாள் நகராதபடி தம்பி அதன் ஓரத்தை அழுத்திப் பிடித்துக்கொண்டான்.